விரால் வளர்ப்பும் தீவனக் கணக்கும்

(கோலார் தங்கவயல், ஸ்கெலட்டன் பகுதியில் கல்லூரி மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கூடியிருந்த கூட்டத்தில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தங்கச் சுரங்கத்துக்குப் பெயர்பெற்ற ஓர் ஊருக்கு வந்து மீனைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இப்பொருளை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சென்ற முறை நான் இங்கு வந்திருந்தபோது இளைஞர் ஒருவர் என்னைச் சந்தித்தார். அவருடைய பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். தந்தையாரும் சுரங்கத் தொழிலாளியே. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின் அக்குடும்பத்தில் நிலையான வருமானம் என்று எதுவும் இல்லை. இவ்வூரிலிருந்து நாள்தோறும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் பல்லாயிரவரில் அவரும் ஒருவர். கிராமப் பக்கத்தில் குளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து விரால் வளர்க்க விரும்புவதாக அவர் கூறினார். தீவனத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கோழிக் கடைகளில் கழிவு இலவசமாகக் கிடைக்கிறது, ஐயா" என்றார்.

இந்த "இலவசம்" என்ற சொல்லே இன்றைய உரைக்குக் காரணம். பொருளாதாரம் பயின்றவனுக்கு அச்சொல்லைக் கேட்டதும் ஐயம் தோன்றிவிடும். மீன்வள அறிவியலில் நான் பட்டம் பெற்றவன் அல்லன். திட்டங்களை மதிப்பிடுவதும் அவற்றின் செலவையும் பயனையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் என் பணி. ஆகவே, மீனின் வயிற்றைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் அவ்வயிற்றை நிரப்புவதற்கு ஆகும் செலவைப் பற்றியே மிகுதியாகப் பேசுவேன்.

விரால் என்னும் மீன்

நம் நாட்டுக் குளங்களில் பெருமளவில் வளர்க்கப்படுபவை கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் டாக்டர் ஹீராலால் சௌத்ரி இவ்வகை மீன்களைத் தூண்டுதல் முறையில் சினைவிடச் செய்தார். அந்நாளே இன்று மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கெண்டை இனங்களின் சிறப்பு யாதெனில், குளத்திலேயே விளையும் மிதவை உயிரிகளையும் பாசியையும் மட்கிய பொருள்களையும் அவை உணவாகக் கொள்கின்றன. அதற்கு மேல் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் இட்டால் போதுமானது. குளத்தில் சாணமும் உரமும் இடுவதே ஓரளவுக்கு மீனுக்கு உணவிடுவதாகும்.

விரால் இவற்றினின்றும் வேறுபட்டது. அது ஊனுண்ணி. தவளைக் குஞ்சு, பூச்சி, இறால், சிறுமீன் ஆகியவற்றைப் பதுங்கியிருந்து பாய்ந்து பிடித்து விழுங்குவது அதன் இயல்பு. அறிவியலார் சன்னா ஸ்ட்ரையேட்டா என அழைக்கும் இம்மீனை இம்மாவட்டத்தின் தெலுங்கு மக்கள் கொர்ரமீனு என்பர். தெலங்கானா அரசு இதனையே தன் மாநில மீனாக ஏற்றுள்ளது. செவுள்களோடு காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் துணை உறுப்பும் விராலுக்கு உண்டு. எனவே நீர் குறைந்த குளத்திலும், பிராண வாயு குன்றிய நீரிலும் அது உயிர் வாழும். சந்தைக்கு உயிருடன் கொண்டு செல்லலாம். முள் குறைவு. நோயுற்றவருக்கும் மகப்பேறு முடிந்த பெண்களுக்கும் இதனைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. இக்காரணங்களால் கெண்டையைப் போல் பன்மடங்கு விலைக்கு இது விற்கிறது.

ஆண்டு முழுவதும் நீர் நிற்காத ஏரிகளையுடைய கோலார் போன்ற வறண்ட மேட்டு நிலத்துக்கு இத்தகைய மீன் ஏற்றது என்று எண்ணுவது இயல்பே. 1971ஆம் ஆண்டிலேயே காற்றைச் சுவாசிக்கும் மீன்களின் வளர்ப்புக்கென அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சதுப்பு நிலங்களையும் கெண்டைக்கு உதவாத சிறு குட்டைகளையும் பயன்படுத்துவது அதன் நோக்கம். அவ்வாறு தொடங்கி அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் விரால் வளர்ப்பு கெண்டை வளர்ப்பைப் போல் பரவவில்லை. குஞ்சு கிடைப்பதில் உள்ள இடர்ப்பாடு ஒரு காரணம். அது ஓரளவு நீங்கி வருகிறது. மற்றொரு காரணம் தீவனம். அது இன்னும் முழுமையாக நீங்கவில்லை.

குளத்துக்குள் இருந்த திருடன்

இங்கு என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதிக்க வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மீன் வளர்ப்புத் திட்டத்தை மதிப்பீடு செய்ய அனுப்பப்பட்டேன். எந்த மாநிலம், எந்த நிறுவனம் என்பது இங்கு தேவையில்லை. 2,000 விரால் குஞ்சுகள் விடப்பட்ட குளத்தில் ஆறு மாதம் கழித்து வலை வீசியபோது 140 மீன்களே அகப்பட்டன. அவற்றுள் சில, மற்றவற்றைப் போல் மும்மடங்கு பருமனாக இருந்தன. காவலாளி உண்மையானவரா என்று விசாரித்தேன். வேலி சரியாக உள்ளதா என்று பார்த்தேன். இறுதியில் என் அறிக்கையில் "திருட்டினால் ஏற்பட்ட இழப்பு" என எழுதினேன். வலை இழுத்த முதிய மீனவர் ஒருவர் நான் எழுதுவதைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, திருடன் வெளியிலிருந்து வரவில்லை. குளத்துக்குள்ளேதான் இருக்கிறான்" என்றார்.

விரால் தன் இனத்தையே உண்ணும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. முந்திக்கொண்டு உண்டது முந்தி வளர்கிறது. வளர்ந்தது வளராததை விழுங்கி மேலும் வளர்கிறது. தீவனம் குறைந்த வாரத்தில் இது விரைவுபடும். அக்குளத்தில் இடையில் ஒரு மாதம் தீவனம் வாங்கப் பணம் வரவில்லை என்ற செய்தி கோப்பின் பின்பக்கத்தில் இருந்தது. அதை நான் படித்திருந்தும் பொருட்படுத்தவில்லை. அந்த அறிக்கையைப் பின்னர் திருத்தி எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

எனவே ஊனுண்ணி மீனுக்கு உணவிடுவது அதனை வளர்ப்பதற்கு மட்டுமன்று, அது பிற மீன்களை உண்ணாமல் தடுப்பதற்கும் ஆகும். கெண்டைக்கு ஒரு வாரம் தீவனம் இல்லையெனில் வளர்ச்சி சற்றுக் குன்றும். மீன் அப்படியே இருக்கும். விராலுக்கு ஒரு வாரம் தீவனம் இல்லையெனில் மீனின் எண்ணிக்கையே குறையும். அலுவலர்கள் இவ்வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

உணவூட்டும் முறை

முட்டையிலிருந்து வெளிவந்த விரால் குஞ்சு முதல் மூன்று நாட்கள் அளவில் தன் மஞ்சட் கருவைக் கொண்டே வாழ்கிறது. இயற்கையில் தாயும் தந்தையும் அருகிலிருந்து காக்க, செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்ப்பரப்பில் மேய்வதை ஏரிக்கரையில் பிறந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்பருவத்தில் அவற்றின் உணவு நுண்ணிய மிதவை உயிரிகள். பண்ணையில் இவற்றைத் தனித் தொட்டியில் வளர்த்துக் கொடுக்க வேண்டும். பின்னர்ச் சிறு புழுக்கள், அதன்பின் அரைத்த மீன் என்று படிப்படியாக மாற்றுவர். அரைத்த மீனோடு உலர்ந்த தூள் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, நாளடைவில் மீனைக் குறைத்துத் தூளை மிகுவித்து, இறுதியில் குருணைத் தீவனத்துக்குப் பழக்குவர். அசையும் இரையைக் கண்டே பாயும் இயல்புடைய ஓர் உயிரை அசையாத குருணைக்குப் பழக்குவது எளிதன்று. இதற்குப் பல வாரங்கள் ஆகும். பழகாத குஞ்சுகள் மெலிந்து பழகியவற்றுக்கு இரையாகும். ஆகவே குஞ்சு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய வினா விலையைப் பற்றியதன்று. இக்குஞ்சு எந்தத் தீவனத்துக்குப் பழகியது என்பதாகும். பொடிமீனுக்குப் பழகிய குஞ்சை மலிவாக வாங்கி வந்து குருணை இட்டவர்கள் நட்டமடைந்துள்ளனர்.

வளர்ப்புக் குளத்தில், சிறு குஞ்சுக்கு அதன் உடல் எடையில் பத்து சதவீதமும் அதற்கு மேலும் நாளொன்றுக்குத் தீவனம் தேவைப்படும். மீன் வளர வளர இவ்வீதம் குறைந்து மூன்று, நான்கு சதவீதத்துக்கு வரும். காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், தட்டிலோ மிதக்கும் சட்டத்துக்குள்ளோ இடுவது நல்லது. எஞ்சியதைக் கண்டு அடுத்த வேளையின் அளவைத் தீர்மானிக்கலாம். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வலையிட்டுப் பெரியவற்றையும் சிறியவற்றையும் பிரித்து வெவ்வேறு குளத்தில் விடுவது இன்றியமையாதது. எனவே ஒரே குளம் வைத்திருப்பவர் இத்தொழிலில் இறங்குமுன் இருமுறை எண்ண வேண்டும். ஓரத்தில் சிறிது ஆகாயத்தாமரையைச் சட்டமிட்டு வளர்த்தால் குஞ்சுகளுக்கு மறைவிடம் கிடைக்கும். மழைநாளில் விரால் துள்ளியும் ஊர்ந்தும் கரையேறிவிடும். சுற்றிலும் வலை வேண்டும். இந்த மேட்டு நிலத்தின் குளிர் மாதங்களில் அது உணவெடுப்பது குறையும். அப்போது வழக்கமான அளவை இட்டால் அது குளத்தின் அடியில் அழுகும்.

காற்றைச் சுவாசிப்பதால் விரால் கெட்ட நீரிலும் சாகாது என்று கூறப்படுகிறது. சாகாது என்பது மெய்யே. ஆனால் அழுகிய தீவனத்தால் அம்மோனியா மிகுந்த நீரில் அது உண்ண மறுக்கும். தோலில் புண் தோன்றும். உயிருடன் இருக்கும் மீன் எல்லாம் வளரும் மீன் அன்று.

புரதத்தின் வரவு செலவு

இனி என் துறைக்கு வருகிறேன். ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு விவசாயி 1,000 கிலோ விரால் விளைவிக்க விரும்புகிறார். ஈரப் பொடிமீனை மட்டும் இட்டால் ஒரு கிலோ விராலுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ வரை தேவைப்படும். நாலரை என்று கொண்டால் மொத்தம் 4,500 கிலோ. பொடிமீனில் புரதம் பதினாறு சதவீதம் என்று வைத்தால், இட்ட புரதம் 720 கிலோ. கிடைத்த 1,000 கிலோ விராலில் உள்ள புரதமோ 180 கிலோ அளவே. நான்கு பங்கு போட்டு ஒரு பங்கு எடுக்கிறோம்.

குருணைத் தீவனம் இதனை மாற்றிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். நாற்பது சதவீதப் புரதமுள்ள குருணை, கிலோவுக்கு 1.8 கிலோ வீதம், 1,800 கிலோ தேவைப்படுகிறது என்போம். அதிலுள்ள புரதத்தைப் பெருக்கிப் பாருங்கள். அதே 720 கிலோ! நல்ல பராமரிப்பில் இது இன்னும் சற்றுக் குறையலாம். ஆயினும் குருணைத் தீவனத்தின் பெரும் பயன் புரதத்தை மிச்சப்படுத்துவதில் இல்லை. அப்புரதம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் தேர்ந்தெடுக்க இடமளிப்பதிலேயே உள்ளது. சோயாவிலிருந்து வரலாம், மீன் தூளிலிருந்து வரலாம், வேறொரு தொழிலின் உபபொருளிலிருந்தும் வரலாம்.

பொடிமீனை நம் அலுவலகக் குறிப்புகளில் "கழிவு மீன்" என்று எழுதுகிறோம். இச்சொல்லின்மீது எனக்கு வருத்தம் உண்டு. கிலோ கணக்கில் பெரிய மீன் வாங்க இயலாத வீட்டில் அதுவே குழம்பாகிறது, கருவாடாகவும் ஆகிறது. நாலரைக் கிலோ ஏழையின் மீனை ஒரு கிலோ வசதியுள்ளவரின் மீனாக மாற்றுவதற்கு அரசு மானியம் அளிக்கலாமா என்பது வெறும் கணக்கு வினா அன்று.

இவ்வினாவை ஒரு நாடு நேரடியாகவே எதிர்கொண்டது. கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியையும் மேகோங் ஆற்றையும் சார்ந்த மக்கள் விரால் இனங்களைக் கூண்டுகளில் வளர்த்துவந்தனர். தீவனம் முழுவதும் ஆற்றின் சிறுமீன். வளர்ப்புக்கான குஞ்சுகளும் ஆற்றிலிருந்தே பிடிக்கப்பட்டன. அச்சிறுமீனே அந்நாட்டு மக்கள் ஆண்டு முழுவதும் சோற்றுக்குத் துணையாகக் கொள்ளும் பிரஹோக் என்னும் புளித்த மீனுக்கு மூலப்பொருள். 2004ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு விரால் வளர்ப்பையே தடை செய்தது. அண்டை நாடான வியட்நாமில் பண்ணையிலேயே சினைவிட்ட குஞ்சுகளும், குருணைக்குப் பழக்கும் முறையும் பரவியபின், 2016ஆம் ஆண்டு தடை நீக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தொழில் நிறுத்தி வைக்கப்பட்டதன் துன்பத்தை வளர்த்தவர்கள் சுமந்தனர். நாம் தொடக்கத்திலேயே தீவனத்தைப் பற்றிச் சிந்தித்தால் அத்தகைய நிலை இங்கு வராது.

உள்நாட்டு நீர்நிலைகளில் பொடிமீனுக்கு மாற்றாக உயிர் இரையாக விளங்கக்கூடிய மீன் ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, அதாவது நம் மக்கள் ஜிலேபி கெண்டை என அழைக்கும் மீன், சிறு வயதிலேயே அடிக்கடி இனம் பெருக்கிக் குளத்தை நிரப்பிவிடும். பின் எதுவும் பெரிதாக வளராது. அதே குளத்தில் அளவான எண்ணிக்கையில் விரால் விட்டால் குஞ்சுகளை அது உண்டு, ஜிலேபியும் பெருக்க, விராலும் வளர்கிறது. பெருமளவு மகசூல் தரும் முறை இதுவன்று. ஆயினும் செலவு குறைந்த இம்முறையைச் சிறு குட்டைகளில் கையாள்வதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

கோழிக் கழிவு

அந்த இளைஞர் கூறிய கோழிக் கழிவுக்கு வருவோம். கடைக்காரர் அதனைத் தருவது இலவசமாகத்தான். ஆனால் அதனை நாள்தோறும் ஏற்றி வர வண்டி வேண்டும். வேகவைக்க விறகும் ஆளும் வேண்டும். வேகவைக்காமல் இட்டால் நோய்க்கிருமிகள் குளத்துக்குச் செல்லும்; இறகும் கொழுப்பும் மிதக்கும்; நீர் நாறும்; குளத்தை மாற்றி நிரப்ப ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டும். இம்மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரின் மதிப்பை உங்களுக்கு நான் கூற வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் விலை போட்டால் இலவசம் என்பது மறைந்துவிடும். ஊராரின் வெறுப்பை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதனுடன் தொடர்புள்ள மற்றொன்றையும் வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். கோழிக் கழிவை மட்டும் நம்பி வளர்க்கப்படுவது பெரும்பாலும் விரால் அன்று, ஆப்பிரிக்கக் கெளுத்தி. அது கிடைத்ததையெல்லாம் உண்டு மிக விரைவில் வளரும். 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தது. 2019ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தடையைச் செயற்படுத்துமாறு பணித்தது. வெள்ளத்தில் தப்பி ஏரிக்குச் சென்றால் அது நாட்டு மீன்களை அழித்துவிடும் என்பதே காரணம். பெங்களூரைச் சுற்றியுள்ள பகுதிகளில் மறைவான குளங்களில் அது வளர்க்கப்பட்டதும், அதிகாரிகள் அக்குளங்களை அழித்ததும் செய்தித்தாள்களில் பன்முறை வந்துள்ளன. "விரால் குஞ்சு" என்று சொல்லி விற்பவரிடம் வாங்கி ஏமாந்து, பின்னர் குளத்தையும் முதலையும் இழக்காதீர்கள்.

பட்டுக்கூட்டின் எச்சம்

கோலார் மாவட்டமும், 2007ஆம் ஆண்டு அதிலிருந்து பிரிந்த சிக்கபல்லாப்பூர் மாவட்டமும் பட்டு வளர்ப்புக்குப் பெயர் பெற்றவை. சிட்லகட்டாவின் பட்டுக்கூட்டுச் சந்தையை நீங்கள் அறிவீர்கள். கூட்டை வெந்நீரிலிட்டு நூலை இழுத்தபின் உள்ளே எஞ்சுவது இறந்த கூட்டுப்புழு. ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்கும்போது ஏறத்தாழ எட்டு கிலோ ஈரக் கூட்டுப்புழு, அதாவது உலர்த்தினால் இரண்டு கிலோ, கிடைக்கிறது. உலர்ந்த புழுவில் பாதிக்குச் சற்று மேல் புரதம். கால் பங்கு அளவில் கொழுப்பு. மீன் தூளுக்கு இணையாகக் கூறத்தக்க பொருள் இது.

நம் விவசாயியின் 720 கிலோ புரதத்தில் பாதியை, அதாவது 360 கிலோவை, இதிலிருந்து பெற எண்ணினால் 720 கிலோ உலர்ந்த கூட்டுப்புழு தேவை. அது 360 கிலோ கச்சாப் பட்டின் உபபொருள். நூற்பாலைகள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் இது எட்டாத அளவன்று. மீதிப் பாதியைச் சோயாப் பிண்ணாக்கு, சிறிது மீன் தூள் ஆகியவற்றால் ஈடுசெய்யலாம்.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் இங்கு தேவைப்படுகின்றன. இதுவும் இலவசமன்று, எண்ணெய் எடுப்போரும் கோழித் தீவனம் செய்வோரும் ஏற்கெனவே இதனை வாங்குகின்றனர். மீன் வளர்ப்போர் சந்தைக்கு வந்தால் விலை ஏறும். அடுத்து, கொழுப்பு மிகுந்த இப்பொருள் விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். ஜப்பானில் கெட்டுப்போன கூட்டுப்புழுவைக் கெண்டை மீனுக்குத் தொடர்ந்து இட்டபோது, முதுகுத் தசை மெலிந்து நீரிழிவு போன்ற ஒரு நோய் தோன்றியது. அதற்குச் செகோகே என்றே பெயரிட்டனர். உயிர்ச்சத்து ஈ சேர்த்தபோது அதனைத் தடுக்க முடிந்தது. ஆகவே உடனே உலர்த்துவதும், இயலுமாயின் எண்ணெயைப் பிழிந்தெடுத்தபின் பயன்படுத்துவதும் அவசியம். எடுத்த எண்ணெய்க்குத் தனி விலையும் உண்டு. மூன்றாவதாக, அளவுக்கு மிஞ்சினால் மீனின் இறைச்சியிலேயே அவ்வாடை ஏறும். உயிர் விராலுக்கு உயர் விலை கொடுப்பவர் ஒருமுறை முகம் சுளித்தால் மறுமுறை வரமாட்டார்.

தனி விவசாயி இவற்றையெல்லாம் தன் வீட்டு முற்றத்தில் செய்ய முடியாது. நூற்போரும் மீன் வளர்ப்போரும் சேர்ந்த ஒரு கூட்டுறவு, ஓர் உலர்த்தும் களமும் எண்ணெய் பிழியும் பொறியும் குருணை செய்யும் இயந்திரமும் வைத்துக்கொண்டால் இயலும். 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் சிறு தீவன ஆலைகளுக்கும் உதவி உண்டு. குளம் வெட்ட விண்ணப்பிப்பவர் நூறு பேர். தீவன ஆலைக்கு விண்ணப்பிப்பவரைத் தேடிக் காண வேண்டியுள்ளது என்பது என் அனுபவம்.

நீரும் மேடும்

இவ்வூரில் பேசும்போது இன்னொன்றைத் தவிர்க்க இயலாது. சயனைடு முறையில் பொன் பிரித்தபின் குவிக்கப்பட்ட மண்மேடுகள் உங்கள் கண்முன்னே நிற்கின்றன. காற்றில் அம்மண் பறப்பதையும் மழையில் கரைந்து ஓடுவதையும் நீங்கள் அறிவீர்கள். அவ்வோடை நீர் வந்து சேரும் தாழ்வான இடத்தில் குளம் வெட்ட எவரும் அனுமதி கோரினால், மண்ணையும் நீரையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் அனுமதி வழங்கலாகாது. பெங்களூரின் கோரமங்கலா சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து சுத்திகரிக்கப்பட்ட கழிவு நீர் 2018ஆம் ஆண்டு முதல் கோலாரின் ஏரிகளுக்கு வருகிறது. நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளை நிரப்பும் இத்திட்டத்தால் நிலத்தடி நீர் உயர்ந்துள்ளது. வறண்ட ஏரிகளில் மீன் பிடிப்பும் திரும்பியுள்ளது. அந்நீர் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு வருவது. அது குறித்து எழுந்த விவாதமும் வழக்கும் நீங்கள் அறிந்தவையே.

ஊனுண்ணி மீனில் இவ்வினா கூர்மையடைகிறது. பாதரசம் போன்ற சில நச்சுப் பொருள்கள் நீரில் சிறிதளவே இருப்பினும், பாசியில் சிறிது, பாசியை உண்ட சிறுமீனில் மிகுதி, அச்சிறுமீன்களை உண்ட பெருமீனில் மேலும் மிகுதி என்று படிப்படியாகச் செறியும். கெண்டை, சங்கிலியின் கீழ்ப் படியில் நிற்கிறது. விரால் மேற்படியில் நிற்கிறது. எனவே ஏரி நீரில் பிடித்த சிறுமீனைத் தீவனமாக இடுவதைக் காட்டிலும், ஆய்ந்தறிந்த பொருள்களால் செய்த குருணையை இடுவது உண்பவரின் நலனுக்கும் உகந்தது. கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் என்று வாங்கப்படும் மீன் இது என்பதை மறக்கலாகாது.

கடன் தவணையும் தீவனமும்

இறுதியாக, இங்குள்ள வங்கி அலுவலர்களுக்கு ஒரு சொல். விரால் வளர்ப்பின் நடைமுறைச் செலவில் பாதிக்கு மேல் தீவனமே. ஆனால் கடன் தொகை குளம் வெட்டும்போது பெரும்பங்கும், குஞ்சு விடும்போது மீதியும் கொடுக்கப்பட்டுவிடுகிறது. மீனின் வயிறு இவ்வட்டவணையைப் படிப்பதில்லை. நம் எடுத்துக்காட்டில் 1,250 மீன்கள் எட்டு மாதத்தில் 800 கிராம் எடையை எட்டி 1,000 கிலோ ஆகின்றன என்போம். ஐந்தாம் மாத இறுதியில் அவை ஒவ்வொன்றும் 350 கிராம் இருந்தால் மொத்தம் 437 கிலோ. எஞ்சிய 563 கிலோ கடைசி மூன்று மாதங்களில் ஏற வேண்டும். ஆகவே மொத்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் அம்மூன்று மாதங்களுக்கே தேவை. கையிலிருந்த பணம் தீர்ந்த பின்னர்தான் பெருஞ்செலவு தொடங்குகிறது. அப்போது விவசாயி தீவனத்தைக் குறைக்கிறார். அல்லது அரை வளர்ச்சியில் மீனை விற்கிறார். அல்லது வட்டிக்கு வாங்குகிறார். குறைத்தால் என்ன நேரும் என்பதை அந்த முதிய மீனவர் எனக்கு முன்னரே கூறிவிட்டார்.

எனவே தீவனக் கடனை மாதவாரியாக, மீனின் எடைக்கேற்ப வளரும் தவணைகளில் வழங்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விண்ணப்பத்தில் குளம், குஞ்சு, மோட்டார், வேலி ஆகியவற்றுக்குத் தனித்தனி விவரம் கேட்கும் நாம், தீவனத்துக்கு மட்டும் ஒரே வரியில் ஒரே தொகையைக் கேட்கிறோம். அந்த ஒரு வரியை எட்டு வரிகளாக்கினால் போதும்.

நான் தொடக்கத்தில் கூறிய இளைஞர் இன்று இவ்வவையில்தான் இருக்கிறார். கோழிக் கழிவை விடுத்து, குருணைத் தீவனத்தை அடிப்படையாகக் கொண்டு, மாதவாரிக் கணக்கை ஒரு தனித் தாளில் எழுதி வருமாறு அவரிடம் கேட்டிருந்தேன். இன்று காலை கொண்டுவந்து காட்டினார். ஆறாம் மாதத்தில் அவருடைய பணம் தீர்ந்துவிடுகிறது. குஞ்சுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒரு குளத்தை இரண்டாகத் தடுத்து, மறுபடி எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.